நான் ஊதிய ஃபெர்ரி சங்கு

பினாங்கில், லெபோ முந்திரி என்ற தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து. மத்தியான வெயில். கழுத்தில் சுற்றுலா வழிகாட்டி அட்டை தொங்க, ஐம்பத்து நான்கு வயது ஆள் ஒருவன் பச்சைக் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருக்கிறான். தொப்பை முழங்காலில் இடிக்கிறது. இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து வாயில் வைத்து, அடிவயிற்றிலிருந்து ஊதுகிறான். பூ...ஊ...ஊம்.

தொட்டி மூடிமேல் தூங்கிக்கொண்டிருந்த பூனை, ஜார்ஜ்டவுன் வரலாற்றில் எந்தப் பூனையும் ஓடாத வேகத்தில் ஓடுகிறது.

குந்தியிருந்தவன் நான்தான். அந்த நிமிடம் நான் மனிதனாக இல்லை, ஃபெர்ரியாக இருந்தேன். அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்குப் புறப்படுகிற, காரும் லாரியும் ஏற்றுகிற பழைய பெரிய ஃபெர்ரி.

இந்தத் தொடரில் இதுவரை என் மானத்தை நானே பலமுறை வாங்கியிருக்கிறேன். போன வாரம் கொடிமலை ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்து சீட்டு ஜப்பான்காரர் மடியில் ஏறி உட்கார்ந்த கதையைச் சொன்னேன். அதெல்லாம் சிரிக்கச் சொன்னவை. இந்த ஒன்றை மட்டும் எழுதாமல் வாரா வாரம் தள்ளிக்கொண்டே வந்தேன்.

தெரியாது என்று சொல்லத் தெரியாதவன்

எனக்குப் பதற்றம் வந்தால் முதலில் இடது காது சுடும். பிறகு உள்ளங்கை வியர்க்கும். மூன்றாவதாக வாய், மூளையிடம் அனுமதி கேட்காமல் பேசத் தொடங்கிவிடும். முதல் இரண்டும் எனக்குத் தொல்லை. மூன்றாவது ஊருக்கே தொல்லை.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் சூப்பர்வைசராக இருந்தேன். இயந்திரம் ஏன் நின்றது என்று மேலதிகாரி கேட்டால், தெரியாவிட்டாலும் ஏதாவது ஒரு காரணம் சொல்வேன். இயந்திரம் சில சமயம் என்மேல் இரக்கப்பட்டு அதே காரணத்தால் நின்றிருக்கும். ஆள்குறைப்பு வந்து வீட்டுக்கு அனுப்பியபோது, இந்தத் திறமையை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வது? சுற்றுலா வழிகாட்டி ஆனேன்.

ஜார்ஜ்டவுனும் என்னைப் போன்ற ஆளுக்குத் தோதான ஊர்தான். இங்கே ஒரு தெருவுக்கு ஒரு பெயர் போதாது. ஆங்கிலேயன் வைத்தது ஒன்று, மலாயில் ஒன்று, சீனர் வாயில் ஒன்று, நம் ஆட்கள் வைத்தது ஒன்று. லெபோ பாசார் நமக்குக் கடைத்தெரு. லெபோ பினாங் கிடங்குத் தெரு. லெபோ கிங் படகுக்காரத் தெரு. ஒரே மூலையில் நின்று நான்கு பெயரைச் சொன்னால், வந்தவர்கள் நான்கு தெரு பார்த்ததாகத் திருப்திப்பட்டுப் போவார்கள்.

சுற்றுலாவின் கடைசியில், பெங்காலான் வெல்ட் கடற்கரையில் நிறுத்தி, கைகளைக் குவித்து ஃபெர்ரி புறப்படும் சங்கை ஊதிக் காட்டுவேன். பெரிய ஃபெர்ரிகளை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஓடுவது சின்னப் படகுகள். அந்தத் தொண்டை இவற்றுக்குக் கிடையாது. ஊரில் பாதிப் பேர் பள்ளிக்கூடம் போனதும் வேலைக்குப் போனதும் அந்தச் சங்கைக் கேட்டுத்தான். நான் ஊதினால் உள்ளூர் ஆட்களே திரும்பிப் பார்ப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

டீச்சர் வந்தார்

புவனேஸ்வரி டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். என் மனைவியின் சித்தி வழியில் ஏதோ உறவு. எங்கள் ஆட்களிடம் இந்த 'ஏதோ உறவு' மிகவும் ஆபத்தானது. கடலைத் தாண்டி நான்கு கைப்பேசி மாறி வரும். மறுக்க முடியாது.

அவர் வருவதற்கு மூன்று மாதம் முன்பே ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார். கடைவீடு ஒன்றின் முன்னால், ஐந்தடி நடை என்கிற வாசல் நடைபாதையில், வேட்டியும் கோட்டுமாக ஓர் இளைஞர் நிற்கிறார். பக்கத்துத் தூணில் குடை தொங்குகிறது. மேலே மாடி ஜன்னல். அது அவருடைய அப்பா. அந்த மாடியில் தங்கியிருந்தவர். இந்த வீட்டைக் காட்ட முடியுமா என்று டீச்சர் கேட்டிருந்தார்.

நான் படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "வீடா? கண்ணைக் கட்டிவிட்டாக்கூட கூட்டிட்டுப் போவேன் டீச்சர்" என்று பதில் அனுப்பினேன். பிறகு அந்தப் படம், காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்களுக்கு அடியில் எங்கோ புதைந்துபோனது.

வந்த அன்று காலை படகுத்துறைப் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். எழுபதைத் தாண்டியவர். மெலிந்த உடம்பு. கோலாலம்பூரில் இருக்கும் மருமகள் இரவு பஸ் ஏற்றி அனுப்பியிருந்தாள். அன்று சாயங்காலமே திரும்ப வேண்டும். ஒரு பகல்தான்.

நடந்துகொண்டே சொன்னார். அவர் நாற்பது வருடம் பூகோளம் கற்பித்தவர். வருடா வருடம் கரும்பலகையில் மலாக்கா நீரிணையை வரைவாராம். பாடப் புத்தகத்தில் பினாங்கு ஒரு புள்ளிதான். அவர் மட்டும் அதைப் பெரிதாக, நீந்தும் ஆமை மாதிரி வரைந்து, கிழக்கே பெருநிலத்தைப் பார்த்து நீட்டிய மூக்கில் ஒரு கட்டம் போடுவாராம்.

"பிள்ளையள் கேக்குங்கள், டீச்சர் இதென்ன கட்டமெண்டு. நான் துறைமுகமெண்டு சொல்லுவன். அது துறைமுகமில்லை தம்பி. அப்பான்ர வீடு."

அப்பாவை அவர் பார்த்ததே இல்லை. கல்யாணம் முடிந்து விடுப்பு தீர்ந்ததும் அப்பா கப்பலேறிவிட்டார். டீச்சர் பிறந்த சில நாளில் அவர் இங்கே காய்ச்சலில் இறந்துபோனார். மகள் பிறந்த செய்தி அவருக்கு எட்டியதா என்பதுகூடத் தெரியாது. கடிதங்களையெல்லாம் அம்மா வைத்திருந்தாள். போரில் ஊரைவிட்டு ஓடியபோது வீட்டோடு அவையும் போயின. கொழும்பில் ஒரு மாமாவிடம் இருந்ததால் இந்தப் படம் மட்டும் தப்பியது.

என் இடது காது சுடத் தொடங்கியது.

ரயில் வராத ரயில் நிலையம்

நேரத்தைக் கடத்த, ரயில்வே கிளார்க்காக அப்பா வேலை பார்த்த இடத்தைக் காட்டுகிறேன் என்று கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். அது மட்டும் எனக்கு உண்மையாகவே தெரியும். மணிக்கூண்டு வைத்த பெரிய கட்டடம். ஒரு காலத்தில் ரயில் நிலையம். அதற்கு ஒருநாளும் ரயில் வந்ததில்லை. தீவுக்கு எப்படி வரும்? இங்கே டிக்கெட் வாங்கி, ஃபெர்ரி ஏறி அக்கரை போய்த்தான் ரயிலைப் பிடிக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிளார்க்குகள் கூண்டுக்குள் உட்கார்ந்து, கண்ணில் படாத ரயிலுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்கள்.

டீச்சர் சிரித்தார். நான் விடவில்லை. கோட்டை, பாடாங் திடல், கப்பித்தான் கெளிங் மசூதி என்று எல்லாவற்றுக்கும் ஒரு நகைச்சுவை வைத்திருந்தேன். வீட்டைத் தவிர எல்லாவற்றையும் காட்டினேன்.

"வீடு எங்க தம்பி?"

"முதல்ல ஒரு டீ குடிப்போம் டீச்சர்."

மூன்று தும்மல்

காதர் அண்ணனின் கடை கிடங்குத் தெருவில் இருக்கிறது. அவருடைய வாப்பா காலத்துச் சாப்பாட்டுக்கடை. பக்கத்துக் கடையில் மிளகாயும் மல்லியும் அரைப்பார்கள். பழக்கமில்லாதவர் உட்கார்ந்தால் தும்மல்தான்.

டீச்சர் மூன்று தடவை தும்மினார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்பாவும் இப்பிடித்தானாம். கீழ தூள் இடிக்கிறாங்கள், தும்மித் தும்மித்தான் கடிதம் எழுதிறன் எண்டு எழுதினவராம். ஜன்னலால ஃபெர்ரிச் சங்கு கேக்குமாம். அது ஊதினா விளக்கை நூத்திட்டுப் படுத்திடுவாராம்" என்றார்.

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி முகவரி சொல்ல முடியுமா?

அசல் படம் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று டீச்சர் கொடுத்திருந்தார். ஒரு கை தூரத்தில் காதர் அண்ணன் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வருடமாக அந்தத் தெருவில் கிடப்பவர். படத்தை எடுத்து நீட்டி, "அண்ணே, இது எங்கே?" என்று கேட்டிருக்கலாம். மூன்று சொல்.

கேட்கவில்லை. கழுத்தில் அட்டை தொங்குகிறவன், கூட்டிவந்த ஆளின் முன்னால் டீக்கடைக்காரரிடம் வழி கேட்பதா? கையை நெஞ்சில் வைத்துப் படத்தை மறைத்துக்கொண்டேன். காதர் அண்ணன் என் நெஞ்சைப் பார்த்துவிட்டு, வலிக்கிறதா தம்பி என்றுகூடக் கேட்டார்.

டீச்சர் காலிக் கிளாஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "கிளம்பலாமா டீச்சர்" என்றேன்.

பூட்டிய கதவு

லெபோ முந்திரியில் ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்தேன். தேர்ந்தெடுத்த காரணம், அது பூட்டியிருந்தது. மறுத்துப் பேச ஆள் இல்லை. தூண் இருந்தது, மாடி இருந்தது, ஜன்னல் இருந்தது. இந்த ஊரில் ஆயிரம் வீட்டுக்கு அவை இருக்கின்றன.

"இதுதான் டீச்சர்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பூகோள டீச்சர் அல்லவா, திசையெல்லாம் பார்த்தார். "இஞ்ச சங்கு கேக்குமோ தம்பி? கடல் கொஞ்சம் தள்ளிப்போச்செல்லோ?"

வாய் முந்திக்கொண்டது. "கேக்கும் டீச்சர். இப்ப போற நேரந்தான். ஒரு நிமிஷம், தண்ணி வாங்கிட்டு வந்துடறேன்."

பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். சந்து, குப்பைத் தொட்டி, பூனை.

தண்ணீர் போத்தலோடு திரும்பி வந்தபோது டீச்சர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். நெற்றி மரக் கதவில் சாய்ந்திருந்தது. கண் மூடியிருந்தது. மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

"நான் புவனா. உங்கட மகள். அம்மா கஷ்டப்பட்டுத்தான் படிப்பிச்சவ. நான் டீச்சராயிருந்து இப்ப பென்சன் எடுத்திட்டன்."

யாருடைய கதவோ அது. யாரோ ஒரு சீன வியாபாரி கட்டிய, யாரோ வாங்கிப் பூட்டிப்போட்ட கதவு. வெட்கத்தில் போத்தல் மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன். ஆனாலும், ஒப்புக்கொள்கிறேன், உள்ளே ஒரு மூலையில் நிம்மதியாகத்தான் இருந்தது. தப்பித்துவிட்டேன் என்று.

சாயங்காலம் பஸ் ஏறும்போது, அசல் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அதன் பிரதி ஒன்றை என் கையில் வைத்தார். "நீங்க வைச்சிருங்கோ. நீங்களும் இப்ப அந்த வீட்டு ஆள்தானே."

கொக்கி

ஒரு மாதம் கழித்து அதைக் காதர் அண்ணன் கடையில் வேடிக்கைக் கதையாகச் சொன்னேன். பூனை ஓடியதை நடித்துக் காட்டினேன். பக்கத்து மேசைக்காரர் ரொட்டி புரையேறச் சிரித்தார்.

காதர் அண்ணன் சிரிக்கவில்லை. படத்தைக் கேட்டார். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பிறகு வாசல் தூணில் மாட்டியிருந்த விலைப்பட்டியல் பலகையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

பலகைக்குப் பின்னால், தூணில், ஒரு இரும்புக் கொக்கி. மீன் தூண்டில் மாதிரி வளைந்தது. படத்தில் குடை தொங்கும் அதே கொக்கி.

"சின்ன வயசுல இதுல இடிச்சுத்தான் இது" என்று நெற்றியில் இருந்த தழும்பைக் காட்டினார். "வாப்பா கடை எடுக்கிறதுக்கு முன்னாடி மேல யாழ்ப்பாணத்து ஆளுங்கதான் தங்கியிருந்தாங்க. கிளார்க்குங்க. அந்தம்மா அன்னைக்கு இதுக்கு நேர் கீழதான் தம்பி உட்கார்ந்திருந்தாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா."

நான் அந்த நாற்காலியைப் பார்த்தேன். அதில் ஒரு இளைஞன் கைப்பேசியைப் பார்த்தபடி மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

உடனே டீச்சரை அழைத்துச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? நீங்கள் நல்லவர்கள். எட்டு மாதம் சொல்லவில்லை. அதற்குள் அவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். அன்று எடுத்த லெபோ முந்திரிக் கதவுப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிச் சந்தனம் வைத்திருந்தார். முன்னால் விளக்கு. நான் அதற்குப் பதிலாக ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினேன். அரை மணி நேரம் யோசித்து அனுப்பிய கட்டைவிரல்.

காதர் அண்ணன் எனக்கு டீ வைக்கும்போதெல்லாம் ஒரே வார்த்தைதான். "சொன்னியா?" நான் சர்க்கரை அதிகம் என்பேன். அவர் போய்விடுவார். சில வாரம் வேறு கடையில் டீ குடித்துப் பார்த்தேன். அங்கே தும்மல் வரவில்லை. அதுவே 'சொன்னியா' என்று கேட்பது போல இருந்தது.

கடைசியில் டீச்சரே அழைத்தார். மகன் குடும்பத்தோடு கனடாவிலிருந்து பினாங்கு வருகிறானாம். பிள்ளைகளை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டுமாம். "அந்தக் கதவுக்கு முன்னால நிண்டு அதுகளும் கும்பிடட்டும்" என்றார்.

ஒரு கிழவியின் ஒரு பகலை ஏமாற்றியதே போதும். இனி ஒரு பரம்பரையையே நான் அந்தப் பூட்டிய கதவின் முன் நிறுத்த வேண்டும். காது சுட்டது, கை வியர்த்தது. வாய் மட்டும் முதல்முறையாக மூளைக்குக் காத்திருந்தது.

சொன்னேன். வீடு அது இல்லை, டீ குடித்தோமே அந்தக் கடையின் மாடி என்று. கொக்கியைச் சொன்னேன். சட்டைப் பையில் படம் இருந்ததைச் சொன்னேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"மூண்டு தரம் தும்மினனான், என்ன?"

"ஆமா டீச்சர்."

"இன்னொரு தேத்தண்ணி கேப்பமெண்டு நினைச்சனான். எழும்ப மனமில்லாமல் கிடந்தது. ஏனெண்டு விளங்கேல்ல. நீங்க மணிக்கூடு பாத்தியள், நான் கேக்கேல்ல."

அந்த வாக்கியத்தை நான் தினமும் ஒரு தடவையாவது கேட்கிறேன்.

இனி அவரால் வர முடியாது. முழங்கால் இரண்டும் போய்விட்டன, வைத்தியர் பயணம் வேண்டாம் என்றுவிட்டார். "நீங்க அந்த மாடிக்குப் போய், ஜன்னல்கட்டில ஃபோனை வைப்பியளோ? நான் சும்மா கேட்டுக்கொண்டு இருக்கிறன்."

ஜன்னல்

டீச்சர் சொன்னதையெல்லாம் காதர் அண்ணனிடம் சொன்னேன்; மறுநாள் மாலை இருவரும் போனோம். மாடி இப்போது வெங்காய மூட்டைக் கிடங்கு. ஜன்னல் இறுகிப்போயிருந்தது. காதர் அண்ணன் தோளைக் கொடுத்து முட்டினார். மூன்றாவது முட்டில் திறந்தது. புறாக்கள் பறந்தன. கிடங்குத் தெருவின் சத்தமெல்லாம் ஒரேயடியாக உள்ளே வந்தது.

ஜன்னல்கட்டைத் துடைத்து, டீச்சரை அழைத்துக் கைப்பேசியை வைத்தேன். மோட்டார் சைக்கிள். பூக்கடையில் யாரோ விலை கூவுவது. பக்கத்தில் அரைக்கும் இயந்திரம். தெருக்கோடியில், கூரைகளுக்கு இடையே, ஒரு விரல் அகலத்துக்குக் கடல் தெரிந்தது.

கைப்பேசியிலிருந்து டீச்சரின் குரல் வந்தது.

"சங்கு எப்ப ஊதும் தம்பி? அண்டைக்கு ஊதினதெல்லோ?"

என் கைகள் தாமாகவே குவிந்தன. நெஞ்சுவரை வந்துவிட்டன. ஒரே ஒரு தடவை. சரியான வீடு, சரியான ஜன்னல். ஊதினால் கிழவி சந்தோஷப்படுவாள். யாருக்கு என்ன நஷ்டம்?

காதர் அண்ணன் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"அந்த ஃபெர்ரி இப்ப ஓடறதில்ல டீச்சர். நீங்க வர்றதுக்கு முன்னாலயே நிறுத்திட்டாங்க. அன்னைக்கு ஊதினது நான்."

இயந்திரம் அரைத்துக்கொண்டிருந்தது. எனக்குத் தும்மல் வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.  டீச்சர் ஃபோனை வைத்துவிட்டார் என்று நினைத்து, கைப்பேசியை எடுக்கக் கை நீட்டினேன்.

"எடுக்காதேங்கோ" என்றார் டீச்சர். "அப்பிடியே இருக்கட்டும். நீங்க கீழ போங்கோ."

மூட்டைகளுக்கு நடுவே நடந்து படிக்கட்டை அடைந்தபோது, பின்னால் அந்தக் குரல் முதலிலிருந்து தொடங்கியது. "நான் புவனா..." அதற்குமேல் கேட்கக் கூடாது என்று வேகமாக இறங்கிவிட்டேன்.

கீழே போய் உட்கார்ந்தேன். காதர் அண்ணன் கேட்காமலே இரண்டு டீ ஆற்றினார். ஒன்றை என் முன்னால் வைத்தார். மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டு, சிந்தாமல், ஒவ்வொரு படியாக மாடிக்கு ஏறினார்.